குழந்தையோடு காமிக் கானுக்கு: ஓவியர்களைப் பார்க்கப் போகிறவர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

என் மகளை முதன்முதலாக ஒரு காமிக் விழாவுக்குக் கூட்டிப்போனபோது அவளுக்கு ஆறு வயது. அன்றைக்கு நான் செய்த தவறுகளை மட்டுமே தனியாக எழுதலாம். அதற்குப் பிறகு நாலைந்து தடவை போய்வந்துவிட்டோம். "எங்க பையனும் எப்பப் பார்த்தாலும் வரைஞ்சுக்கிட்டே இருக்கான், கூட்டிட்டுப் போகலாமா?" என்று கேட்பவர்களுக்குத் திரும்பத் திரும்பச் சொன்ன பதில்களை இங்கே சேர்த்துவைத்திருக்கிறேன். சினிமா நட்சத்திரங்களோடு படம் எடுப்பது, பொம்மை சேகரிப்பது பற்றியெல்லாம் இதில் இல்லை. படம் வரைகிறவர்களைப் போய்ப் பார்ப்பது பற்றி மட்டும்தான்.

காமிக் கான் என்றால் வேஷம் போட்டுக்கொண்டு சுற்றுவதுதானே?

வெளியே வரும் போட்டோக்களைப் பார்த்தால் அப்படித்தான் தோன்றும். ஆனால் தொடக்கத்தில் இது காமிக்ஸ் படிப்பவர்களும் வரைபவர்களும் சந்தித்துக்கொள்ளும் கூட்டம்தான். 1970-இல் அமெரிக்காவின் சான் டியேகோவில் ஒரு ஹோட்டலில் மூன்று நாள் நடந்த கூட்டத்துக்குச் சுமார் 300 பேர் வந்தார்கள். இன்று அதே விழாவுக்கு 1,30,000 பேருக்கு மேல் வருகிறார்கள். பிரான்ஸின் அங்குலேம் ஊரில் 1974-இலும், டோக்கியோவில் கோமிகெட் என்ற பெயரில் 1975-இலும் தொடங்கியவை வேறு சாயல் கொண்டவை. கோமிகெட்டில் பெரும்பாலும் தாங்களே வரைந்து அச்சிட்ட புத்தகங்களைத்தான் மேசை போட்டு விற்பார்கள்.

பெரிய அரங்கு ஒன்றில் பதிப்பகங்களின் ஸ்டால்கள், பழைய இதழ்கள் விற்கும் கடைகள், பேச்சு நடக்கும் அறைகள் எல்லாம் இருக்கும். அவற்றுக்கு நடுவிலோ ஒரு ஓரத்திலோ 'ஆர்ட்டிஸ்ட் ஆலி' இருக்கும். வரிசையாகச் சின்னச் சின்ன மேசைகள், ஒவ்வொன்றின் பின்னாலும் ஓர் ஓவியர். நமக்கு வேண்டியது அந்தப் பகுதிதான். நுழைந்ததும் நேராக அங்கே போய்விடுங்கள். வழியில் உள்ள பொம்மைக் கடைகளில் மாட்டினால் அரை நாள் போய்விடும். (எங்களுக்குப் போயிருக்கிறது.)

எந்த வயதில் கூட்டிப்போகலாம்?

வயதைவிட இரண்டு விஷயங்களைப் பாருங்கள். கால் மணி நேரம் வரிசையில் நிற்க முடியுமா? பாத்ரூம் வருகிறது என்பதை அவசரமாவதற்கு முன்பே சொல்லத் தெரியுமா? இரண்டுக்கும் ஆமாம் என்றால் போகலாம். கைக்குழந்தையையும் தூக்கிக்கொண்டு போகிறார்கள், தவறில்லை. ஆனால் அது உங்களுக்கான பயணம், குழந்தைக்கானது இல்லை. தள்ளுவண்டியைச் சில விழாக்களில் உள்ளே விடுவதில்லை. விட்டாலும் மேசைகளுக்கு நடுவே நெரிசலில் அதைத் தள்ளுவது பெரும்பாடு.

பல இடங்களில் சிறு குழந்தைகளுக்கு நுழைவுச்சீட்டு இலவசம். ஆனால் வயது வரம்பு விழாவுக்கு விழா மாறும், இலவசம் என்றாலும் முன்பதிவு கேட்பவர்கள் உண்டு.

முதல் தடவையே பெரிய விழாவுக்குப் போகலாமா?

வேண்டாம். நூலகத்திலோ கல்லூரியிலோ ஒரே நாள் நடக்கும் சின்ன விழாவாகப் பாருங்கள். பெரிய விழாவில் ஓர் ஓவியரிடம் இரண்டு நிமிடம் கிடைத்தால் அதிர்ஷ்டம். சின்ன விழாவில் அவரே நாற்காலியை இழுத்துப்போட்டு உட்காரச் சொல்வார். மே மாதத்தின் முதல் சனிக்கிழமையை இலவச காமிக்ஸ் நாளாகக் கொண்டாடும் வழக்கமும் 2002-இலிருந்து இருக்கிறது. அன்று பல காமிக்ஸ் கடைகள் ஓவியர்களை அழைத்து உட்காரவைக்கும். கூட்டத்துக்குப் பழக்குவதற்கு அது நல்ல இடம்.

எந்த நாள், எந்த நேரம்?

மூன்று நாள் விழா என்றால் சனிக்கிழமையைத் தவிர்த்துவிடுங்கள், அன்றுதான் கூட்டம் உச்சத்தில் இருக்கும். ஞாயிற்றுக்கிழமை நல்லது. சான் டியேகோவில் ஞாயிறு குழந்தைகளுக்கான நாளாகவே நடத்தப்படுகிறது, வேறு பல விழாக்களும் அதைப் பின்பற்றுகின்றன. கதவு திறந்த முதல் ஒரு மணி நேரத்தில் ஓவியர்கள் உற்சாகமாக இருப்பார்கள். ஞாயிறு மாலை களைத்திருப்பார்கள், ஆனால் பேச நேரம் இருக்கும். மதியத்தில் உற்சாகமும் இருக்காது, நேரமும் இருக்காது.

யாரைப் பார்க்கப்போகிறோம் என்று முன்பே முடிவு செய்ய வேண்டுமா?

கண்டிப்பாக. நான் முதல் தடவை செய்த பெரிய தவறு இதுதான். பன்னிரண்டு பெயர் எழுதிய பட்டியலோடு போனேன். நாலாவது மேசைக்கு வரும்போதே அவள் தரையில் உட்கார்ந்துவிட்டாள். இப்போதெல்லாம் இரண்டே பெயர்தான். ஒன்று அவள் தேர்ந்தெடுப்பது, இன்னொன்று அங்கே போய்ச் சுற்றும்போது தானாகக் கண்ணில் படுவது.

விருந்தினர் பட்டியலும் எந்த மேசை யாருடையது என்ற வரைபடமும் சில வாரங்கள் முன்பே வெளியாகிவிடும். அதைப் பார்த்து, வரப்போகும் ஓவியரின் புத்தகம் ஒன்றை வாங்கியோ இரவல் வாங்கியோ குழந்தையோடு சேர்ந்து படியுங்கள். அப்போது ஒரு வேலை செய்யலாம். முதல் பக்கத்தில் உள்ள பெயர்களைக் காட்டி யார் என்ன செய்தார்கள் என்று சொல்லிக்கொடுங்கள். கதை எழுதியவர் ஒருவர், பென்சிலில் வரைந்தவர் ஒருவர், அதன்மேல் மையிட்டவர் ஒருவர், வண்ணம் போட்டவர் ஒருவர், பேச்சுக் குமிழிகளில் எழுத்துகளை அமைத்தவர் ஒருவர். பெரிய பதிப்பகங்களின் மாத இதழ்களில் இப்படி நாலைந்து பேர் இருப்பார்கள். குழந்தைகளுக்கான புத்தகங்களில் பல சமயம் எல்லாமே ஒருவர்தான்.

இது தெரியாமல் போனால் ஒரு சங்கடம் உண்டு. குழந்தைக்குப் பிடித்த சூப்பர் ஹீரோவைப் பல வருடங்களாகப் பலர் வரைந்திருப்பார்கள். நீங்கள் பார்க்கப்போகிறவர் நடுவில் ஆறே இதழ் வரைந்தவராக இருக்கலாம். அவரிடம் போய் "இவரை நீங்கதான் உருவாக்குனீங்களா?" என்று கேட்டால் அவர் நெளிவார்.

மேசைக்கு முன்னால் போனதும் குழந்தை என்ன பேச வேண்டும்?

"உங்க படம் ரொம்பப் பிடிக்கும்" என்று மனப்பாடம் செய்யவைத்துக் கூட்டிப்போகாதீர்கள். எங்கள் வீட்டில் அதைத்தான் செய்தோம். மேசைக்கு வந்ததும் அவள் என் காலுக்குப் பின்னால் ஒளிந்துகொண்டாள். நான் "சொல்லும்மா, சொல்லு" என்று முன்னால் தள்ள, அவள் இன்னும் பின்னால் போக, பின்னாலிருந்த வரிசை முழுவதும் எங்களையே பார்க்க, ஒரே கூத்து.

நல்லவேளையாக அந்த ஓவியர் ஒன்றும் சொல்லவில்லை. தலையைக்கூட நிமிர்த்தாமல் வரைந்துகொண்டே இருந்தார். பிரஷ் பேனாவில் ஒரு நரியின் வாலை ஒரே இழுப்பில் போட்டார். தொடங்கும்போது தலைமுடி அளவு கோடு, நடுவில் விரல் அளவு தடிமன், முடிவில் மறுபடியும் மயிரிழை. அதைப் பார்த்து இவள் மெல்ல வெளியே வந்தாள். மேசை விளிம்பில் மோவாயை வைத்துக்கொண்டு இரண்டு நிமிடம் பார்த்தாள். அப்புறம் கேட்டாள்: "நரிக்கு ஏன் நாலு விரல்தான் இருக்கு?"

அவர் ஒரு துண்டுக் காகிதத்தை எடுத்தார். அதில் ஐந்து விரலோடு ஒரு கை, பக்கத்தில் நாலு விரலோடு ஒரு கை. "எது நல்லா இருக்கு?" இவள் நாலைக் காட்டினாள். "எனக்கும் அதான். சின்ன கையில அஞ்சு விரல் நெருக்கிக்கிட்டு நிக்கும். அப்புறம் ஒரு விஷயம், யார்கிட்டயும் சொல்லாத. ஆயிரம் கை வரையணும்னா ஆயிரம் விரல் மிச்சம்."

அந்தத் துண்டுக் காகிதம் இன்னும் எங்களிடம் இருக்கிறது. அன்றைக்குக் காசு கொடுத்து வாங்கிய பிரின்ட் (ஓவியத்தின் அச்சுப் பிரதி) எங்கே போனதென்று தெரியவில்லை.

அதனால் நான் சொல்வது இவ்வளவுதான்: பாராட்டைவிடக் கேள்வி நல்லது, அதுவும் வேலையைப் பற்றிய கேள்வி. முதலில் கண்ணை வரைவீர்களா மூக்கையா? தப்பாகிவிட்டால் என்ன செய்வீர்கள்? குதிரை கஷ்டமா, சைக்கிள் கஷ்டமா? (சைக்கிள் என்றுதான் நிறையப் பேர் சொல்கிறார்கள்.) வீட்டிலேயே குழந்தையிடம் "உனக்கு என்ன தெரிஞ்சுக்கணும்?" என்று கேட்டு ஒரு சீட்டில் எழுதிக் கையில் கொடுத்துவிடுங்கள். பேச வராவிட்டால் சீட்டை நீட்டட்டும். பேசாமல் பார்த்துக்கொண்டு நின்றாலும் ஒன்றும் குறைந்துவிடாது. தன் கை ஓடுவதை உற்றுப் பார்க்கும் குழந்தையை எந்த ஓவியரும் விரட்டி நான் பார்த்ததில்லை.

நான் என்ன பேச வேண்டும்?

முடிந்தவரை குறைவாக. குழந்தை தடுமாறும்போது இடையில் புகுந்து வாக்கியத்தை முடித்துவைக்காதீர்கள். "இதுல வருமானம் எப்படி?" என்பதைக் குழந்தையை வைத்துக்கொண்டு கேட்க வேண்டாம். பின்னால் ஆட்கள் நிற்கிறார்களா என்று பார்த்துக்கொள்வது உங்கள் வேலை. நின்றால் ஒரு பக்கமாக நகர்ந்துவிடுங்கள்.

மேசையில் மூலப் பக்கங்கள் (ஓவியர் தன் கையால் வரைந்த அசல் தாள்கள்) இருந்தால் காட்டச் சொல்லலாமா?

தாராளமாகக் கேளுங்கள், தொடாமல் பாருங்கள். பிரின்டை எங்கே வேண்டுமானாலும் பார்க்கலாம், மூலப் பக்கத்தை இங்கேதான் பார்க்க முடியும். அமெரிக்க காமிக்ஸ் பக்கங்கள் வழக்கமாக 11க்கு 17 அங்குல அட்டையில் வரையப்படும், அச்சில் அதைச் சுருக்குவார்கள். அருகில் போனால் மைக்கு அடியில் நீல பென்சில் கோடு தெரியும். பழைய அச்சுக் கேமராக்கள் வெளிர்நீலத்தைப் பதிவு செய்யாது என்பதால் வந்த பழக்கம் அது. வெள்ளை மை பூசித் திருத்திய இடங்கள் சொரசொரவென்று இருக்கும். அச்சில் பிசிறில்லாமல் இருந்த முகத்தில் மூன்று தடவை மூக்கை மாற்றியிருப்பதை என் மகள் கண்டுபிடித்தாள். அன்றிலிருந்து வீட்டில் காகிதத்தைக் கசக்கி எறிவது குறைந்தது. நான் நூறு தடவை சொல்லியும் நடக்காதது இது.

இப்போது நிறையப் பேர் டிஜிட்டலில் வரைவதால் மூலப் பக்கமே இருக்காது. அவர்களிடம் டேப்லெட்டில் லேயர்களை, அதாவது ஒன்றன்மேல் ஒன்றாக வரைந்த அடுக்குகளை, ஒவ்வொன்றாக அணைத்துக் காட்டச் சொல்லுங்கள், அதுவும் வேடிக்கைதான்.

கையெழுத்துக்குக் காசு வாங்குவார்களா? படம் வரைந்து தருவார்களா?

இடத்துக்கு இடம், ஆளுக்கு ஆள் மாறும். பிரெஞ்சு, பெல்ஜிய வழக்கத்தில் புத்தகத்தை நீட்டினால் உள்ளே ஒரு சின்னப் படமும் வரைந்து கையெழுத்திட்டுத் தருவது மரபு, அதற்குத் தனிக் காசு பொதுவாகக் கிடையாது. அமெரிக்க பாணி விழாக்களில் கையெழுத்து பல சமயம் இலவசம், ஒருவருக்கு இத்தனை புத்தகம் என்று கணக்கு இருக்கலாம், படத்துக்குக் காசு. மேசையில் விலை எழுதியிருக்கும். இல்லாவிட்டால் பேனாவை எடுப்பதற்கு முன்பே கேட்டுவிடுங்கள்.

நாம் சொல்லும் படத்தைக் காசு கொடுத்து வரையச் சொல்வதைக் 'கமிஷன்' என்பார்கள். பிரபலமானவர்களின் பட்டியல் காலையிலேயே, சிலருக்கு விழாவுக்கு முன்பே இணையத்தில் நிரம்பிவிடும். முதலில் பணம், மாலையிலோ மறுநாளோ படம். குழந்தைக்கு அந்தக் காத்திருப்பு புரியாது. "இப்போது கிடைக்காது, சாயங்காலம்தான்" என்று முதலிலேயே சொல்லிவிடுங்கள். முழு உருவம் கேட்பதைவிட முகம் மட்டும் கேட்டால் சீக்கிரம் கிடைக்கும், செலவும் குறைவு.

"பெயர் போட்டுத் தரட்டுமா?" என்று கேட்டால் சந்தோஷமாகச் சரி சொல்லுங்கள். வாங்கிய கையோடு அதிக விலைக்கு விற்கிறவர்கள் பெயர் வேண்டாம் என்பார்கள். குழந்தையின் பெயரை எழுதச் சொன்னால் இது வீட்டுக்குப் போகிற புத்தகம் என்று ஓவியருக்குத் தெரிந்துவிடும், முகம் மலரும். பெயரை ஒரு சீட்டில் பெரிதாக எழுதி எடுத்துப் போங்கள். அந்த இரைச்சலில் சொல்லிப் புரியவைக்க முடியாது.

குழந்தை வரைந்த படத்தைக் காட்டலாமா?

காட்டலாம். ஒன்று மட்டும். முழு நோட்டையும் புரட்டவைத்தால் பாவம், அவர் வேலையை விட்டுவிட்டு உட்கார வேண்டும். பரிசாகக் கொடுப்பதாக இருந்தால் வீட்டில் ஒரு நகல் வைத்துக்கொள்ளுங்கள், மறுநாள் "என் படம் எங்கே?" என்ற அழுகையிலிருந்து தப்பிக்கலாம். "இவனுக்குத் திறமை இருக்கா சொல்லுங்க" என்று மட்டும் கேட்காதீர்கள். எட்டு வயதுக்கு அந்தத் தீர்ப்பு எதற்கு? பெரிய பிள்ளைகளுக்குப் படைப்புகளைப் பார்த்துக் கருத்துச் சொல்லும் அமர்வுகள் தனியாக நடக்கின்றன, அவற்றுக்கு முன்பதிவு வேண்டும்.

எதையாவது வாங்கியே ஆக வேண்டுமா?

கட்டாயமில்லை. ஆனால் அந்த மேசைக்கு வாடகை கட்டிவிட்டு, அச்சுச் செலவு, பயணச் செலவெல்லாம் போட்டுத்தான் பெரும்பாலோர் வந்திருக்கிறார்கள். பத்து நிமிடம் பேசிவிட்டு ஒரு ஸ்டிக்கராவது வாங்கினால் நன்றாக இருக்கும். குழந்தை கையில் ஒரு தொகையைக் காலையிலேயே கொடுத்து "இன்னைக்கு இவ்வளவுதான்" என்று சொல்லிவிடுங்கள். ஒரு சுற்று சுற்றி முடிக்கும்வரை எதையும் வாங்கக் கூடாது என்பது எங்கள் வீட்டுச் சட்டம். அதை மீறுவது பெரும்பாலும் நான்தான்.

குழந்தைகள் பார்க்கக் கூடாத படங்கள் இருக்குமா?

இருக்கும். பெரியவர்களுக்கானதை மூடிய கோப்பில் வைத்து "கேட்டுப் பாருங்கள்" என்று எழுதிவைப்பவர்கள் உண்டு, வெளியிலேயே தொங்கவிடுபவர்களும் உண்டு. இரண்டு பேராகப் போனால் ஒருவர் முன்னால் நடந்து பார்த்துவரலாம். கண்ணில் பட்டுவிட்டால் பதறாமல் "அது பெரியவங்க கதை" என்று சொல்லிவிட்டு நடங்கள். என் மகளை உண்மையில் பயமுறுத்தியவை அந்தப் படங்கள் இல்லை, திடீரென்று குனிந்து கைகொடுத்த ஒரு முகமூடி மனிதர்.

கூட்டத்தில் தொலைந்துவிட்டால்?

காலையில் வீட்டை விட்டுக் கிளம்பும்போது போட்டிருக்கும் உடையோடு ஒரு போட்டோ எடுத்துக்கொள்ளுங்கள். கையில் உங்கள் தொலைபேசி எண் எழுதிய பட்டை கட்டுங்கள். சில விழாக்களில் நுழைவிடத்திலேயே தருகிறார்கள்.

"காணோம்னா போலீஸ் மாமாகிட்ட போ" என்ற வழக்கமான அறிவுரை இங்கே செல்லாது. அரங்கில் பாதிப் பேர் ஏதோ ஒரு சீருடையில்தான் இருப்பார்கள்! நாங்கள் சொல்லிக்கொடுத்தது இது: நின்ற இடத்திலேயே நில். நாங்கள் வரவில்லை என்றால் மிக அருகில் உள்ள மேசைக்குப் பின்னால் உட்கார்ந்திருப்பவரிடம் சொல். மேசைக்காரர்கள் நாள் முழுக்க அங்கேயே இருப்பார்கள், விழா ஊழியர்களை எப்படிக் கூப்பிடுவதென்று அவர்களுக்குத் தெரியும்.

சத்தம் தாங்குமா?

சில குழந்தைகளுக்குத் தாங்காது. காதை மூடும் இயர்மஃப் ஒன்று எடுத்துப் போங்கள். பல விழாக்களில் அமைதி அறை இருக்கிறது, போனவுடனே அது எங்கே என்று பார்த்துவையுங்கள். இரண்டு மணி நேரத்துக்கு ஒரு தடவை கட்டடத்துக்கு வெளியே வந்து உட்காருங்கள். மறுபடியும் உள்ளே விடுவார்களா என்பதை மட்டும் வாசலில் கேட்டுக்கொள்ளுங்கள்.

வேஷம் போட்டுக் கூட்டிப்போகலாமா?

ஆசைப்பட்டால் போடட்டும். தனியாகக் கழற்ற முடிகிற உடையா என்று பாருங்கள், பாத்ரூமில் தெரியும் அதன் அருமை. பொம்மைக் கத்தி, துப்பாக்கிகளை வாசலில் சோதிப்பார்கள். வேஷம் போட்டவர்களைப் படம் எடுக்கும் முன் அனுமதி கேட்க வேண்டும். உங்கள் குழந்தையை யாராவது எடுக்க வந்தாலும் அதேதான், வேண்டாம் என்று சொல்லலாம்.

பையில் என்ன இருக்க வேண்டும்?

தண்ணீர், தின்பதற்கு ஏதாவது, சில்லறை. கெட்டி அட்டை வைத்த ஒரு கோப்பு, இல்லாவிட்டால் வாங்கிய படமெல்லாம் மடங்கித்தான் வீடு வரும். இரண்டு பெர்மனென்ட் மார்க்கர், ஒன்று கறுப்பு, ஒன்று வெள்ளி நிறம். கையெழுத்து வாங்கும் புத்தகத்தின் அட்டை அடர்நிறமாக இருந்தால் வெள்ளிதான் தெரியும். வழவழப்பான அட்டையில் மை காய நேரமாகும், கையெழுத்து வாங்கிய உடனே மூடினால் எதிர்ப்பக்கத்தில் அச்சு விழும். ஆல்கஹால் மார்க்கரில் வரைந்தால் மை பின்பக்கம் ஊறும். அடியில் வைக்க ஒரு வெற்றுக் காகிதம் போதும்.

ஓவியர் முகம் கொடுத்துப் பேசவில்லை என்றால்?

நடக்கும். ஒருமுறை மகள் மாதக்கணக்கில் காத்திருந்து பார்த்தவர் நிமிராமல் கையெழுத்துப் போட்டு, புத்தகத்தைத் தள்ளிவிட்டார். மணிக்கட்டில் பட்டை கட்டியிருந்தார், அன்று மூன்றாம் நாள். "அவருக்குக் கை வலிக்குது போல" என்று மகளே சொன்னாள். நான் அதற்குள் மனசுக்குள் ஒரு சண்டை போட்டு முடித்திருந்தேன்.

அடுத்த தடவைக்கு வீட்டில் என்ன செய்யலாம்?

ஒரு ஏ4 தாளை எட்டாக மடித்துப் பிரியுங்கள். பிறகு அகலவாட்டில் பாதியாக மடித்து, மடிப்புப் பக்கத்திலிருந்து நடுக்கோட்டில் ஒரு கட்டம் அளவுக்கு மட்டும் வெட்டுங்கள். தாளைப் பிரித்து, நீளவாட்டில் மடித்து, இரு ஓரங்களையும் உள்நோக்கித் தள்ளினால் எட்டுப் பக்கப் புத்தகம். தையலும் வேண்டாம், பசையும் வேண்டாம். தாளின் ஒரு புறத்தில் மட்டும் வரைவதால் நகல் எடுப்பதும் சுலபம். மகள் போன தடவை இருபது பிரதி எடுத்து வந்தாள், மேசை மேசையாகப் போய் "மாத்திக்கலாமா?" என்று கேட்டாள். ஏழு பேர் தங்கள் சின்னப் புத்தகத்தைக் கொடுத்து அவளுடையதை வாங்கிக்கொண்டார்கள். கதாநாயகன் ஒரு நரி. விரல் நாலு.